வசந்தமும் வெயிற்கணக்கும்

 

மொழியியல் படித்தவன் வானிலை பற்றிப் பேச வந்திருப்பது உங்களுள் சிலருக்கு வியப்பளிக்கலாம். தலைப்பைக் கேட்டதும் மன்றத்து நண்பர் ஒருவர், "ஐயா, இது புவியியல் துறைக்கு உரியது அல்லவா?" என்று வினவினார். பாதி உரியதுதான். மறுபாதி நமக்கு உரியது. வெயில் எவ்வளவு அடித்தது என்பதைக் கருவி சொல்லிவிடும். எவ்வளவு அடிக்கும் என்று நாம் எதிர்பார்த்தோம் என்பதைக் கருவி சொல்லாது. அந்த எதிர்பார்ப்பு, நாம் கற்ற சொற்களில் தங்கியிருக்கிறது. அந்த மறுபாதியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். என் குடும்ப அனுபவம் ஒன்றிலிருந்து தொடங்க இசைவளிக்குமாறு வேண்டுகிறேன்.

1. ஓர் ஆசிரியையின் விருப்பம்

என் துணைவியார் 30 ஆண்டுகளுக்கு மேல் தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பித்தவர். ஒவ்வோராண்டும் 'வசந்த காலம்' என்னும் தலைப்பில் மாணவர்களைக் கட்டுரை எழுதச் செய்வார். இளந்தென்றல் வீசும், மலர்கள் மணம் பரப்பும், குயில் கூவும், கதிரவன் பொன்னொளி வீசுவான் என்று பிள்ளைகள் எழுதுவார்கள். அவர் திருத்தி மதிப்பெண் இடுவார். எழுதிய பிள்ளைகளுள் ஒருவர்கூட வசந்தத்தைக் கண்டதில்லை. திருத்திய ஆசிரியையும் கண்டதில்லை. பணி ஓய்வு பெற்றபின் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே: "நான் சொல்லிக்கொடுத்தது உண்மைதானா என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவோமா?"

எங்கள் மகள் வட இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் வாழ்கிறாள். 2024 ஏப்ரல் இறுதியில் புறப்பட்டோம். அதற்குமுன் நான் பயண நூல் ஒன்றைப் புரட்டினேன். மே மாதத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 6 மணி நேரம் வெயில் என்று அதில் இருந்தது. 'அப்படியானால் காலையில் 3 மணி நேரம், மாலையில் 3 மணி நேரம் நடக்கலாம்' என்று துணைவியார் கணக்கிட்டார். முழங்கால் வலிக்கு வெயிலில் நடப்பது நல்லது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நானும் மறுக்கவில்லை.

நாங்கள் சென்ற மே மாதம் பெரும்பாலும் மேகமூட்டமாகவே கழிந்தது. காலையில் சன்னல் திரையை விலக்கினால் சாம்பல் நிற வானம். துணைவியார் கம்பளிச் சட்டையோடு சன்னலோரம் அமர்ந்திருப்பார். மே 22ஆம் நாள் பிரிட்டிஷ் தலைமையமைச்சர் தம் இல்லத்து வாயிலில் நின்று பொதுத்தேர்தலை அறிவித்தார். கொட்டும் மழையில் குடையின்றி அவர் நனைந்துகொண்டே பேசியதை உலகமே தொலைக்காட்சியில் கண்டது. நாங்களும் கண்டோம். "இதுதான் இவர்களுடைய வசந்தமா?" என்றார் துணைவியார்.

ஜூன் தொடக்கத்தில் ஒரு செய்தி வந்தது. பிரிட்டிஷ் வானிலை அலுவலகத்தின் கணக்குப்படி அந்த மே மாதம், 1884 முதல் தொடரும் வெப்பநிலைப் பதிவுகளிலேயே மிகவும் வெப்பமான மே மாதம். சராசரி வெப்பநிலை 13.1 டிகிரி செல்சியஸ். முந்தைய உச்சம் 2008இன் 12.1 டிகிரி. ஒரு மாதத்தின் உச்ச அளவு ஒரு முழு டிகிரியால் முறியடிக்கப்படுவது அரிது. மார்ச், ஏப்ரல், மே ஆகிய மூன்றும் சேர்ந்த வசந்த காலமும் அதுவரை பதிவானவற்றுள் மிக வெப்பமானது என்றார்கள்.

மகள் சிரித்தாள். அண்டை வீட்டு முதியவர் சினந்தார். நாட்டில் பலர் நம்ப மறுத்தார்கள். "கணக்கில் எங்கோ பிழை" என்று என் துணைவியாரும் உறுதியாகச் சொன்னார். நான் மட்டும், பழக்கதோஷத்தால், 'வெப்பம் என்று எதைச் சொல்கிறார்கள்?' என்று யோசிக்கத் தொடங்கினேன். இந்த உரையின் தொடக்கம் அதுவே.

2. வெயில், வெப்பம், வெளிச்சம்

தமிழில் 'வெயில்' என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். வெம்மை, வெப்பம், வெதுவெதுப்பு, வெந்நீர், வேதல், வேனில் ஆகிய அனைத்தும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அந்த வேரின் பொருள் சுடுதல், எரிதல். ஆகவே நம் மொழியில் வெயில் என்பது கதிரவனின் ஒளியும் அவனது சூடும் பிரியாமல் கலந்த ஒன்று. வெயில் அடித்தால் சுடும். சுட்டால் அது வெயில்.

தமிழ்நாட்டு நாளேடுகளைக் கோடையில் பார்த்தால் 'வெயில் சதமடித்தது' என்று தலைப்பிட்டிருப்பார்கள். பாரன்ஹீட் அளவில் 100 டிகிரியை எட்டியது என்பது பொருள். ஆனால் அந்த 100 டிகிரி எங்கே அளக்கப்பட்டது தெரியுமா? நிழலில். வெப்பமானி, காற்றுப் புகும் சாய்பலகைகளால் ஆன வெள்ளைப் பெட்டிக்குள் வைக்கப்படுகிறது. நேரடிக் கதிர் அதன்மேல் படக்கூடாது என்பதற்காகவே அப்பெட்டி. அதை வடிவமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன் என்னும் பொறியாளர். எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தை. ஆக, 'வெயில் 100 டிகிரி' என்று நாம் சொல்லும் எண், வெயிலே படாத காற்றின் வெப்பம். நம் ஊரில் இரண்டும் பெரும்பாலும் கைகோத்துச் செல்வதால் இப்பிழை யாரையும் உறுத்துவதில்லை.

இங்கிலாந்தில் அவை கைகோத்துச் செல்வதில்லை. ஓர் எளிய கணக்குப் போடுவோம். மேகமற்ற ஒரு மே நாளில் பகலின் உச்ச வெப்பம் 20 டிகிரி, இரவின் தாழ்வு 4 டிகிரி என்று கொள்வோம். இரண்டின் சராசரி 12. மேகம் மூடிய மற்றொரு நாளில் பகலுச்சம் 16, இரவுத் தாழ்வு 10 எனில் சராசரி 13. மேகம் பகலில் கதிரவனை மறைக்கிறது. இரவில் தரையின் சூட்டை வெளியேறவிடாமல் போர்வைபோல் காக்கிறது. பகலில் குறைத்ததைவிட இரவில் மிகுதியாகக் கூட்டிவிட்டால் அந்த நாள் 'வெப்பமான நாள்' ஆகிவிடும். 2024 மே மாதத்தில் நடந்தது இதுவே. குறிப்பாக இரவுகள் வழக்கத்தைவிட மிகவும் வெம்மையாக இருந்தன. நாங்கள் போர்வைக்குள் உறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தச் சாதனை நிகழ்ந்துகொண்டிருந்தது.

அலுவலகம் சொன்னது மெய். துணைவியார் கண்டதும் மெய். முன்னது காற்றின் வெப்பத்தை இரவு பகலாக அளந்தது. பின்னது பகல் வானத்தின் ஒளியைச் சன்னலோரம் இருந்து கண்டது. 'வெயில்' என்னும் ஒரே சொல் இரண்டையும் மூடிநின்றதால் இருவரும் முரண்படுவதாக எங்களுக்குத் தோன்றியது. ஆங்கிலம் பேசுவோருக்கு ஒளிக்கும் வெம்மைக்கும் தனித்தனிச் சொற்கள் இருந்தும் அவர்களும் இதே குழப்பத்தில் விழுந்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். சொல் வேறாக இருந்தாலும் நினைவில் அவை ஒட்டிக்கொள்கின்றன.

3. கண்ணாடிக் கோளமும் கருகிய அட்டையும்

வெப்பத்தை வெப்பமானி அளக்கிறது. வெயிலின் நேரத்தை எது அளக்கிறது? மாணவர்கள் இதை விரும்புவீர்கள் என்று நம்புகிறேன்.

1853இல் ஜான் பிரான்சிஸ் கேம்பெல் என்பவர் ஒரு கண்ணாடிக் கோளத்தை மரக்கிண்ணத்தில் வைத்தார். கோளம் உருப்பெருக்கிக் கண்ணாடிபோல் கதிர்களைக் குவிக்க, கிண்ணத்தின் உட்புறம் கருகியது. 1879இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர் மரக்கிண்ணத்துக்கு மாற்றாக உலோகச் சட்டத்தையும், அதில் செருகும் அட்டையையும் அமைத்தார். கதிரவன் வானில் நகர நகர, குவிந்த ஒளிப்புள்ளி அட்டையின்மீது ஒரு கோடு எரித்துச் செல்லும். மேகம் மறைத்தால் கோடு அறுபடும். மாலையில் அட்டையை எடுத்துக் கருகிய பகுதியின் நீளத்தை அளந்தால் அன்றைய வெயில் நேரம் கிடைக்கும். கதிரவனின் பாதை பருவத்துக்குப் பருவம் மாறுவதால், குளிர்காலத்துக்கும் கோடைக்கும் வளைந்த அட்டைகளும், பகலும் இரவும் சமமாகும் காலத்துக்கு நேரான அட்டையும் பயன்படுத்துவார்கள்.

எளிமையும் அழகும் உடைய கருவி. ஆனால் அதற்கும் குறைகள் உண்டு. பனி படிந்த காலையில், கதிரவன் தாழ்ந்திருக்கும்போது அட்டை கருகாது. மேகமும் வெயிலும் மாறி மாறி வரும் நாளில் ஒரு கணத்து வெயில்கூட அகலமான கரும்புள்ளியை உண்டாக்கிவிடுவதால் கணக்கு உண்மையைவிடக் கூடிவிடும். இன்று மின்னணு உணர்கருவிகள் வந்துவிட்டன. சதுர மீட்டருக்கு 120 வாட் என்னும் அளவுக்குமேல் நேரடிக் கதிர் வந்தால் அது வெயில். குறைந்தால் வெயில் இல்லை என்று உலக வானிலை அமைப்பு வரையறுத்திருக்கிறது.

அந்த 120 வாட்டைத் தாண்டிவிட்டால் எல்லா வெயிலும் ஒன்றே. மார்ச் மாதத் தொடக்கத்தில் லீட்ஸ் நகரில் தாழ்வான வானிலிருந்து சாய்ந்து விழும் ஒரு மணி நேர வெயிலும், சிங்கப்பூரின் உச்சிவேளையில் தலைமேல் இறங்கும் ஒரு மணி நேர வெயிலும் ஏட்டில் ஒரு மணி நேரம்தான்.

இப்போது ஒரு செய்தி சொல்கிறேன். இது உங்களை வியப்பில் ஆழ்த்தலாம். பிரிட்டன் முழுமைக்கும் வசந்த காலச் சராசரி, 92 நாள்களுக்கு ஏறத்தாழ 457 மணி நேரம். அதாவது நாளொன்றுக்கு 5 மணி நேரம். இங்கே சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி நாளொன்றுக்கு 5 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் இருக்கிறது. நிலநடுக்கோட்டின் அருகில் வாழும் நாம் வெயிலில் குளிப்பவர்கள் என்றும் அவர்கள் வெயிலையே காணாதவர்கள் என்றும் நினைக்கிறோம். ஏட்டுக் கணக்கில் வேறுபாடு அவ்வளவு பெரிதன்று. நம் வானத்திலும் மேகம் மிகுதி. நம் பகலோ ஆண்டு முழுவதும் 12 மணி நேரம்தான், நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் சுமார் 10 நிமிடமே வேறுபாடு. லண்டனில் மார்ச் முதல் நாள் 11 மணி நேரமாக இருக்கும் பகல், மே இறுதியில் 16 மணி நேரத்தைக் கடந்துவிடுகிறது.

இந்தக் கணக்கை நான் மகள் வீட்டு உணவு மேசையில் எழுதிக் காட்டினேன். துணைவியார் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் நம் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கலாமே!" என்றார்.

4. சராசரி என்னும் சொல்

'நாளொன்றுக்கு 6 மணி நேரம்' என்று நூலில் படித்து, காலை மூன்று, மாலை மூன்று என்று நாங்கள் பங்கிட்டதைச் சொன்னேன் அல்லவா? அந்தப் பிழையைக் கொஞ்சம் ஆராய்வோம்.

பத்து நாள்களில் ஐந்து நாள் 12 மணி நேர வெயில், ஐந்து நாள் வெயிலே இல்லை என்றாலும் சராசரி 6தான். அந்தப் பத்து நாள்களில் 6 மணி நேரம் வெயில் அடித்த நாள் ஒன்றுகூட இல்லை. இங்கிலாந்தின் வசந்தம் இந்தப் போக்குடையது. உயரழுத்தம் வந்து தங்கினால் நாள் கணக்கில் தெளிவான வானம். தாழ்வழுத்தங்கள் அட்லாண்டிக் கடலிலிருந்து வரிசையாக வந்தால் நாள் கணக்கில் மேகமும் மழையும். சராசரியான நாளைத் தேடிச் செல்பவர் ஏமாறுவார்.

'சராசரி' என்னும் சொல் பாரசீகத்திலிருந்து வந்து தமிழில் நிலைத்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, மொத்தமாக என்பது அதன் மூலப்பொருளை ஒட்டிய கருத்து. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல்லின் வரலாறும் சுவையானது. கடலில் சரக்குக்கு நேர்ந்த சேதத்தை, கப்பலில் பொருள் அனுப்பிய வணிகர்கள் அனைவரும் பகிர்ந்துகொள்ளும் வழக்கிலிருந்து அது பிறந்தது. ஒருவனுக்கு வந்த இழப்பை எல்லார்மீதும் பரப்பிச் சமன்செய்வதே அன்றும் இன்றும் சராசரியின் வேலை.

வானிலையாளர் சராசரியை மற்றொரு சொல்லாலும் குறிக்கிறார்கள். அதையே நம் வானொலிச் செய்தியில் 'இயல்பைவிட 2 டிகிரி அதிகம்' என்று மொழிபெயர்க்கிறோம். அந்த ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலம் தச்சரின் மூலைமட்டத்தைக் குறிப்பது. மூலைமட்டத்துக்குப் பொருந்தாதது கோணல். ஆகவே சராசரியிலிருந்து விலகிய ஆண்டைக் கேட்டவுடன் வானம் ஏதோ விதிமீறிவிட்டதாக நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அந்த 'இயல்பு' என்பது 30 ஆண்டுகளைக் கூட்டி வகுத்த எண் மட்டுமே. இப்போது பெரும்பாலும் ஒப்பீட்டுக்குக் கொள்ளப்படுவது 1991 முதல் 2020 வரையான காலம். முன்பு 1961 முதல் 1990 வரை. பிரிட்டனின் வசந்த கால வெயில் பிந்திய காலப்பகுதியில் கூடியிருக்கிறது. ஆகவே மூலைமட்டமே இடம்பெயர்ந்திருக்கிறது. அண்டை வீட்டு முதியவரின் நினைவிலுள்ள 'இயல்பு', அவர் இளைஞராயிருந்த காலத்து இயல்பு. அலுவலகம் சொல்லும் இயல்பு வேறு. இருவரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சண்டையிட்டார்கள்.

5. சொற்கள் தந்த வசந்தம்

இனி நமக்கு மிகவும் நெருக்கமான பகுதிக்கு வருகிறேன்.

தமிழ் மரபு பெரும்பொழுதுகளை ஆறாகப் பகுத்தது: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆங்கிலேயரின் வசந்தத்தை மொழிபெயர்க்கும்போது நாம் இளவேனில் என்கிறோம். அல்லது வடமொழியிலிருந்து பெற்ற வசந்தம் என்கிறோம். அகராதியில் இரண்டும் சமம். எதிர்பார்ப்பில் சமம் அல்ல.

இளவேனில் என்றால் இளமையான வெப்பம். தமிழன் அந்தப் பருவத்துக்குச் சூட்டை வைத்துப் பெயரிட்டான். ஆங்கிலேயர் தளிர் வெடித்துக் கிளம்புவதை வைத்துப் பெயரிட்டனர். அதற்கும் முன்னர் பழைய ஆங்கிலத்தில் அப்பருவத்துக்கு வழங்கிய பெயர், பகல் நீள்வதைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையது. நீளும் பகலும் முளைக்கும் தளிருமே அவர்கள் பெயரில் இருந்தன. வெயிலை அவர்கள் பெயரில் வாக்களிக்கவில்லை. சூட்டை எதிர்பார்த்துச் சென்றவர்கள் நாங்கள்; அந்த எதிர்பார்ப்பு எங்கள் சொல்லிலிருந்து வந்தது.

இன்னொன்றும் கவனியுங்கள். 'இன்றைக்கு நல்ல வெயில்' என்று நாம் சொன்னால் அது முறையீடு. இங்கே 'நல்ல' என்பது மிகுதியைக் குறிக்கிறது. நல்ல அடி, நல்ல காய்ச்சல் என்பதைப் போல. அதே தொடரை ஆங்கிலத்தில் ஒருவர் சொன்னால் அது மகிழ்ச்சி. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது நம் பழமொழி. வெயிலின் அருமை நிழலில் தெரியும் என்று வாழும் மக்களும் உலகில் உண்டு. மகள் வீட்டில் பெயரன், சிறிது வெயில் தலைகாட்டினாலும் சட்டையைக் கழற்றிவிட்டுத் தோட்டத்துக்கு ஓடுவான். "டேய், வெயிலில் போகாதே" என்று பாட்டி தடுப்பார். "பாட்டி, வெயிலுக்குத்தான் போகிறேன்" என்பான் அவன். வேற்றுமை உருபு ஒன்று மாறியதில் இரண்டு நாடுகளின் வாழ்க்கை தெரிகிறது.

நான் ஜோகூரில் ஒரு பால்மரத் தோட்டத்தில் பிறந்து தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். எங்கள் பாடநூலில் ஆறு பருவங்களும் இருந்தன. எங்களைச் சுற்றி மழைக்காலமும் மழை குறைந்த காலமும் இருந்தன. ஆனாலும் எங்களுக்கென்று ஒரு வசந்தம் இருந்ததை அறுபது வயதுக்குப் பின்னரே உணர்ந்தேன். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பால்மரங்கள் இலையுதிர்க்கும். காடு முழுவதும் வெளிச்சமாகிவிடும். காய்ந்த இலைகள் காலடியில் நொறுங்கும். பின்னர்ச் செம்பு நிறத்தில் தளிர்கள் வெடித்துக் கிளம்பும். பார்க்க அத்தனை அழகு. ஆனால் அந்த நாள்களில் பால் குறையும். பால் குறைந்தால் கூலி குறையும். அம்மா கடையில் கடன் சொல்லும் காலம் அது. எங்கள் வசந்தத்தைப் பற்றி எந்தப் பிள்ளையும் கட்டுரை எழுதியதில்லை. எழுத வேண்டும் என்று எந்த ஆசிரியரும் நினைத்ததில்லை. பாடநூல் தந்த தென்றலையும் குயிலையும் எழுதி மதிப்பெண் பெற்றோம்.

6. ஒரு மனிதரின் வசந்தங்கள்

லீட்ஸ் நகரத்து மே மாதம் முழுதும் இருண்டே கிடந்தது என்று சொன்னால் அது நேர்மையன்று. இரண்டாம் வாரத்தில் சில நாள் வானம் தெளிந்தது. மே 10ஆம் நாள் இரவு, மகள் எங்களை எழுப்பினாள். தோட்டத்தில் நின்று பார்த்தால் வானம் இளஞ்சிவப்பும் பச்சையுமாக ஒளிர்ந்தது. வடதுருவ ஒளி. கதிரவனில் எழுந்த வலிய புயலால் அன்றிரவு பிரிட்டன் முழுதும், தென்கோடி வரை, அது தென்பட்டது. பலருக்கு அது வாழ்நாளில் முதன்முறை. துணைவியார் என் கையைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் நின்றார். முழங்கால் வலியை அன்று அவர் சொல்லவில்லை.

வானம் தெளிந்திருந்ததால் கண்ட காட்சி அது. வெயிற்கணக்கு ஏட்டில் இரவுக்கு இடமில்லை. 'நாளொன்றுக்கு 6 மணி நேரம்' என்ற நூலிலும் அதற்கு இடமில்லை.

நாடு திரும்பியபின் துணைவியாரின் உடல்நிலை தளர்ந்தது. நெடுந்தொலைவு வானூர்திப் பயணம் இனி வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மறு ஆண்டு, 2025 வசந்தத்தில், மகள் ஒவ்வொரு வாரமும் காணொளியில் அழைப்பாள். பின்னணியில் நீல வானம். உயரழுத்தம் வாரக்கணக்கில் பிரிட்டன்மீது தங்கிவிட்டது. பருவம் முடிந்தபோது வெயில் 653 மணி நேரம் என்று அறிவித்தார்கள். சராசரியைவிட 43 விழுக்காடு அதிகம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 மணி நேரம். 1910 முதல் உள்ள பதிவுகளில் மிக வெயிலான வசந்தம் அதுவே. 2020இன் சாதனையை 27 மணி நேரத்துக்கு மேல் விஞ்சியது. வெப்பநிலையிலும் 2024ஐ முந்தியது. மிக வெயிலான பத்து வசந்தங்களுள் எட்டு, 2000ஆம் ஆண்டுக்குப் பிந்தியவை.

ஓர் ஆண்டு பிந்திச் சென்றிருந்தால் அவர் எதிர்பார்த்ததைவிட மிகுதியாகவே பெற்றிருப்பார். இதை நினைத்து நான் வருந்தினேன். மறைக்க விரும்பவில்லை, இன்றும் சில வேளைகளில் வருந்துகிறேன். பயணத் தேதியைக் குறித்தவன் நான். சராசரியை நம்பிக் குறித்தேன்.

பின்னர் எனக்கு ஒன்று புலப்பட்டது. சராசரி பொய் சொல்லவில்லை. அது முப்பது வசந்தங்களைப் பற்றிச் சொன்னது. எங்களிடம் இருந்ததோ ஒரே ஒரு வசந்தம். 2024உம் 2025உம் ஒரே நாட்டின் அடுத்தடுத்த ஆண்டுகள். இரண்டும் மிக வெப்பமானவை. ஒன்றில் குடை, மற்றொன்றில் நீல வானம். முப்பது முறை செல்பவருக்கே சராசரி கைக்கு வரும். ஒருமுறை செல்பவர், எந்தப் பக்கம் விழுந்தாலும் ஏற்றுக்கொள்ளத் தம்மை ஆயத்தப்படுத்திக்கொள்ள வேண்டும். சராசரியை வாக்குறுதியாகப் படித்தது என் பிழை.

ஒரு நாள் மகள், தோட்டத்துப் புல் பழுத்துவிட்டதைக் காட்டினாள். 2025 வசந்தத்தின் வெயிலுக்கு மறுபக்கம் இருந்தது. மழை மிகக் குறைவு. மே இறுதியில் வடமேற்கு இங்கிலாந்தில் வறட்சி அறிவிக்கப்பட்டது, ஜூனில் யார்க்‌ஷயரிலும். ஜூலையில் அவள் வட்டாரத்தில் குழாய்நீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்சத் தடை வந்தது. துணைவியார் திரையை உற்றுப் பார்த்து, "பாவம், அங்கே ஒரு மழை பெய்தால் தேவலை" என்றார். வெயிலைக் காணாமல் திரும்பியவர் கேட்டது மழை. தமிழரின் நாக்கு அப்படிப் பழகியது.

7. வகுப்பறைக்கு ஒரு வேண்டுகோள்

ஆசிரியப் பெருமக்களே, இந்த அனுபவத்திலிருந்து உங்களிடம் ஒரு சிறு வேண்டுகோள் வைக்கிறேன். இது என் துணைவியார் சொல்லச் சொன்னது. நான் வடிவம் மட்டும் தந்திருக்கிறேன்.

மாணவர்களிடம் ஒரு மாதத்துக்கு ஒரு குறிப்பேடு கொடுங்கள். பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். முதல் பத்தியில், காலையில் எழுந்ததும் 'இன்று வானிலை எப்படி இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன்' என்று எழுதட்டும். இரண்டாவதில், மாலையில் தாம் கண்டதை எழுதட்டும். மூன்றாவதில், வானிலை நிலையம் வெளியிட்ட எண்ணைக் குறிக்கட்டும். மாத இறுதியில் மூன்றையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதச் சொல்லுங்கள்.

அப்போது மூன்று நன்மைகள் விளையும். வெயில், வெப்பம், புழுக்கம், மூட்டம், தூறல், சாரல் என்று நம்மிடம் இருக்கும் சொற்களை மாணவர்கள் தேடிப் பொருத்துவார்கள். இந்த ஊரின் புழுக்கத்துக்குத் தமிழில் சொல் இருப்பதை அறிந்தே பலர் மகிழ்வார்கள். சராசரி என்னும் எண், கணித வகுப்பைவிட்டு வெளியேறி அவர்கள் கையில் தவழும். மூன்றாவது, கண்டதை எழுதும் பழக்கம் வரும். தென்றலை உணராத பிள்ளை தென்றலை எழுத வேண்டிய கட்டாயம் இராது. அடுக்குமாடிக் கட்டடங்களின் இடையே மழைக்கு முன் வீசும் காற்றை எழுதுவான். அதற்கு மதிப்பெண் இடுங்கள்.

இளவேனிலையும் ஆறு பருவங்களையும் கற்பிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் கற்பிக்க வேண்டும். அவை ஒரு நிலத்தில் வாழ்ந்த மக்கள் தங்கள் வானத்தை உற்றுநோக்கி உண்டாக்கிய சொற்கள். அவர்கள் உற்றுநோக்கியதைப் போலவே நாமும் நம் வானத்தை உற்றுநோக்குவது அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

இவ்வுரையை எழுதி முடித்ததும் துணைவியாரிடம் படித்துக் காட்டினேன். ஒரு திருத்தம் சொன்னார். "சன்னலோரம் உட்கார்ந்தே இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நான்கு நாள் நடந்தேன். அதையும் சேருங்கள்" என்றார். சேர்த்துவிட்டேன்.